படுத்துப் பார்த்துக்கோ

எங்கள் பள்ளத்தாக்கில் பழைய பிக்கப் வண்டி விற்பதற்கு ஒரு முறை உண்டு. விற்கிறவன் தன் வாயால், "கீழே படுத்துப் பார்த்துக்கோ" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன், "உன் வண்டிக்கு அடியில் எனக்கு என்ன வேலை" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு ஒரு கைகுலுக்கல், ஆளுக்கொரு பீர், சாவி. அந்த வார்த்தையைச் சொல்லாமல் விற்கிறவன் திருடன் என்று பெயர் எடுப்பான். சொன்னதை நம்பி உண்மையாகவே படுத்துப் பார்க்கிறவனை அடுத்த மான் வேட்டைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். வருஷத்தில் ஐந்து மாதம் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டி, அந்த உப்பு ஒவ்வொரு வண்டியின் வயிற்றையும் தின்றுகொண்டிருக்கிற ஊர் இது. இந்த ஊரில் இப்படி ஒரு வழக்கத்தை வைத்துக் காப்பாற்றுகிற நாங்கள் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

க்ளென் சபோல் அந்த வழக்கத்திலேயே ஊறியவன். வயது ஐம்பத்தெட்டு. நிலக்கரி கழுவும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தான். ஆலையை வசந்தத்தில் மூடிவிட்டார்கள், பென்ஷன் வர இன்னும் நான்கு வருஷம் கிடந்தது. நடுவில் அவனுக்கு இருந்த ஒரே பிடிமானம் பனி. தேவாலயம், சவ அடக்க நிலையம், மருந்துக்கடை ஆகிய மூன்று இடங்களின் வாசலிலும் குளிர்காலம் முழுக்கப் பனி ஒதுக்கும் வேலை அவனுடையது. பிக்கப்பின் முன்னால் இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் தள்ளி முடித்துவிடுவான். அந்தப் பிக்கப்பின் இன்ஜின் செப்டம்பரில் உயிரை விட்டது. வண்டி இல்லையென்றால் பனி இல்லை, பனி இல்லையென்றால் குளிர்காலத்துக்குச் சோறு இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

வேறொரு வண்டி வாங்கப் பணம் ஒரே இடத்தில்தான் இருந்தது. அவன் மனைவி ரோண்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அவளுக்குக் கீழ்வரிசையில் ஐந்து பற்கள் போய்விட்டன. வலது பக்கம் வைத்து மென்று மென்று, இப்போது வலது பக்கமும் ஆட ஆரம்பித்திருந்தது. நகரத்துப் பல் டாக்டர் திருகாணி வைத்து நிரந்தரப் பல் கட்ட ஆறாயிரத்து ஐநூறு டாலர் கேட்டிருந்தார். ஏழு வருஷமாகச் சேர்த்து அந்தத் தொகையை அவள் அப்போதுதான் எட்டியிருந்தாள். க்ளென் வாயைத் திறந்து கேட்கவில்லை. அவளேதான் சொன்னாள்.

"எடுத்துக்கோ. போன பல்லு மறுபடியுமா போகப் போகுது? ஒரு குளிர்காலம் பொறுத்துக்கறேன்."

"ஏப்ரல்ல உன் கையில வெச்சிடுவேன்."

"வெக்கலன்னா கடிக்கவா போறேன்? அதுக்கும் பல்லு வேணுமே" என்று சிரித்தாள், வழக்கம்போல் வாயைக் கையால் மூடிக்கொண்டு.

விற்றவன் லெஸ்கோ. டார்ல் லெஸ்கோ என்பது முழுப் பெயர், அவன் அம்மா இறந்த பிறகு யாரும் அவனை டார்ல் என்று கூப்பிட்டதில்லை. ஆலையில் க்ளெனின் ஷிப்ட், வேட்டைக் குடிசையில் க்ளெனின் கட்டிலுக்கு மேல் கட்டில். முப்பது வருஷம் ஒருவன் குறட்டையை இன்னொருவன் கேட்டவர்கள். அக்டோபர் பாதியில் லெஸ்கோவின் வீட்டுக்கு க்ளென் போனபோது, பிக்கப்பின் முன்சக்கரங்கள் இரண்டும் சாய்வுப் பலகைகளின்மேல் ஏறி நின்றன. பக்கத்தில் மல்லாந்து படுத்து உள்ளே போகிற சக்கரப் பலகை கிடந்தது. அதன்மேல் ஒரு டார்ச் லைட் கூட இருந்தது.

"வருஷச் சோதனை ஸ்டிக்கர் டிசம்பர் வரைக்கும் இருக்கு" என்றான் லெஸ்கோ. "இன்ஜின் முத்து மாதிரி. ஆறாயிரத்து ஐநூறு. உனக்குங்கறதால."

க்ளென் சக்கர வளைவுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே எல்லாம் புதுக் கறுப்பாகப் பளபளத்தது.

"என்னடா, அடியில மை தீட்டி வெச்சிருக்க?"

"குளிருக்கு முன்னாடி ஒரு பூச்சு பூசினேன். உப்புக்கு நல்லது." லெஸ்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "படுத்துப் பார்த்துக்கோ க்ளென். டார்ச் இருக்கு பார்."

"உன் வண்டிக்கு அடியில எனக்கு என்னடா வேல?"

"இல்ல, பாரு. பாக்கறதுல என்ன இருக்கு."

இரண்டாவது தடவை சொன்னான். இதை க்ளென் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தான். வழக்கப்படி ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவனுக்கு அது சிநேகிதத்தின் மிகுதியாகத் தோன்றியது. "பேசாம பீரை எடு" என்றான். கை குலுக்கினார்கள். லெஸ்கோவின் கை ஈரமாக இருந்தது. பீர் பாட்டில் ஈரம் என்று நினைத்துக்கொண்டான்.

பத்தாவது நாள் ரயில்வே கேட்டுக்கு மேலே இருக்கிற இறக்கத்தில் பிரேக் மிதி தரைவரை போய்ப் படுத்துவிட்டது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான். மெக்கானிக் ஆர்னி வந்து இழுத்துப் போனான். பிரேக் எண்ணெய் போகிற குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. ஒரு குழாயை மாற்றினால் அடுத்தது வெடிக்கும், எல்லாவற்றையும் மாற்று என்றான். அறுநூற்று நாற்பது டாலர்.

நவம்பர் முதல் வாரம் முன்பக்கம் பள்ளத்துக்குப் பள்ளம் 'டொக் டொக்' என்றது. முன்சக்கரங்களைப் பிடித்துவைக்கிற பால் ஜாயிண்ட் நான்கும் ஆடிப்போயிருந்தன. எழுநூற்று எண்பது. அடுத்த வாரம் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பாம்பு மாதிரி சீறியது. இன்ஜினையும் புகைக் குழாயையும் இணைக்கிற போல்ட் இரண்டு அறுந்திருந்தன. அவற்றைக் கழற்றப் போய் நல்ல போல்ட் மூன்றும் முறிந்து கையோடு வந்துவிட்டன. உள்ளே மாட்டிய துண்டுகளைத் துளைபோட்டு எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆயிரத்து நூறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த வழியில்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது. பழைய பிக்கப்பைக் காயலான் கடைக்குப் போட்டதும் கிரெடிட் கார்டைத் தேய்த்ததுமாக க்ளென் எப்படியோ கட்டினான். பழைய வண்டி என்றால் செலவு வைக்கத்தான் செய்யும், அதற்காக விற்றவனைக் குற்றம் சொல்ல முடியுமா என்று ரோண்டாவிடம் லெஸ்கோவுக்காக வக்காலத்தும் வாங்கினான்.

நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கு இருவரும் அந்த வண்டியிலேயே போனார்கள். மலை ஏறினதும் லெஸ்கோ சீட் பெல்ட்டை எடுத்து மாட்டினான்.

"என்னடா அதிசயமா இருக்கு? முப்பது வருஷத்துல நீ பெல்ட் போட்டு நான் பாத்ததில்ல."

"வயசாகுதுல்ல" என்றான் லெஸ்கோ. மேலே பிடிக்கிற கைப்பிடியையும் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது முதுகு வலி என்று சொல்லி வேறொருவன் காரில் வந்தான். க்ளென் அவனுக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்பினான். நினைத்தால் வயிறு எரிகிறது, எழுதுகிற எனக்கே.

டிசம்பர் நான்காம் தேதி முதல் பனி. தகட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்து வாசலைப் பாதி தள்ளியிருப்பான், பின்பக்கம் காய்ந்த கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஆர்னியின் கடைக்கு ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப்போய்ச் சேர்ந்தான். ஆர்னி லிஃப்டில் ஏற்றினான். கமான் பட்டையைத் தாங்குகிற கொக்கி, தான் ஒட்டியிருந்த இடத்தையும் பிய்த்துக்கொண்டு தொங்கியது.

"டார்ச்சைப் பிடி" என்றான் ஆர்னி. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின் அச்சுக்கு மேலே, மொத்த வண்டியையும் தாங்குகிற சேசிஸ் இரும்பில் வைத்து அழுத்தினான். சுத்தியல் தேவைப்படவில்லை. கைப்பிடிவரை உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் துருச் செதில்கள் பொலபொலவென்று க்ளெனின் தொப்பியின்மேல் கொட்டின. கறுப்புப் பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது, அதற்குப் பின்னால் கண்ணாடி இழைத் துணி ஒட்டியிருந்தது. துணிக்குப் பின்னால் ஓட்டை. சும்மா ஒரு பூச்சு இல்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து, அளந்து வெட்டி, ஒட்டி, காயவைத்து, மேலே பூசி மெழுகியிருந்தார்கள்.

"வெல்டிங் வெச்சா?"

"எதுமேல வெக்கறது? பிஸ்கட்டுமேல வெல்டிங் நிக்குமா? சேசிஸையே மாத்தணும். பதினோராயிரம் ஆகும். நீ குடுத்த வெலைக்கு மேல."

"இப்படியே ஓட்டினா?"

"ஒரு நாள் ரெண்டா ஒடியும். சர்ச் வாசல்லயா, பெரிய ரோட்லயாங்கறது உன் அதிர்ஷ்டம். டிசம்பரோட ஸ்டிக்கர் முடியுது. புது ஸ்டிக்கர் நான் ஒட்ட மாட்டேன்."

க்ளென் ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு பெரிய செதிலைப் பிய்த்து எடுத்தான். "லெஸ்கோவுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான்.

ஆர்னி கையைத் துடைத்தான். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தான்.

"செப்டம்பர்ல இதே லிஃப்ட்ல ஏத்தினேன். இப்ப நீ நிக்கிற எடத்துலதான் அவன் நின்னான். அப்ப இந்தத் துணி இல்ல."

"தெரிஞ்சுகிட்டேவா எங்கிட்ட ரெண்டாயிரத்து ஐநூறு வாங்கின?"

"பிரேக்கைப் பாருன்னு வந்த, பாத்தேன். பால் ஜாயிண்ட்டைப் பாருன்னு வந்த, பாத்தேன். சேசிஸைப் பாருன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நான் சொன்னாத்தான் உன் கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா? போய்ச் சொல்றதா? அடுத்தவன் யாவாரத்தக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் இந்த ஊர்ல எவன் என் கடைக்கு வருவான்? வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட கொண்டாந்திருந்தா சொல்லியிருப்பேன். நீ கொண்டாரல. ஏன்னா அது லெஸ்கோ வண்டி. உனக்கும் கௌரவம் பெருசு." ஆர்னி டார்ச்சை அவன் கையிலிருந்து வாங்கி அணைத்தான். "இன்னிக்குப் பாத்ததுக்குக் காசு வேணாம்."

பெரிய தயாளன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை என்று ஊர் சொல்லும். எங்கள் ஊரில் யாரைச் சொல்லியும் குற்றமே கிடையாது, அதுதான் இந்த ஊரின் விசேஷம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தீயணைப்புக் கூடத்தில் பான்கேக் சாப்பாடு நடக்கும். அடுப்பில் நின்று மாவு ஊற்றுகிறது எப்போதும் லெஸ்கோதான். க்ளென் மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் நேராக அடுப்புப் பக்கம் போனான். சட்டைப் பையிலிருந்து துருச் செதிலை எடுத்து, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளங்கை அகலம் இருந்தது.

லெஸ்கோ அதைப் பார்த்தான். கரண்டி கையிலேயே நின்றது. "உக்காரு, சாப்பிடு" என்றான்.

"சாப்பிட வரல. துணியை எத்தன நாள் ஒட்டின?"

வரிசையில் தட்டோடு நின்ற ஏழெட்டுப் பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"மெதுவாப் பேசு க்ளென்."

"எத்தன நாள்?"

"ரெண்டு நாள்" என்றான் லெஸ்கோ. "வீட்டைச் சூடாக்கற அடுப்பு வெடிச்சிடுச்சு. குளிருக்குள்ள புதுசு வெச்சாகணும். கடன் குடுக்க ஆளில்ல. வேற யாராவது வெளியூர்க்காரன் வருவான்னுதான் போர்டு வெச்சேன். நீ வந்த."

"நான்னு தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. பாத்துக்கோன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். பலகையில ஏத்தி நிறுத்தினேன், டார்ச் எடுத்து வெச்சேன். இன்னும் என்ன பண்ணணும்? உன்னக் கையப் புடிச்சு உள்ள தள்ளணுமா? பாத்தா தெரியும்னுதான் பாக்கச் சொன்னேன்."

க்ளெனுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் லெஸ்கோ பொய் சொல்லவில்லை, அவன் கண்ணில் தண்ணீர் கூட நின்றது. முப்பது வருஷ சிநேகிதன் குனிந்து பார்த்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏமாற்றியிருக்கிறான். இவனை என்ன சொல்லித் திட்டுவது?

வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் தட்டை நீட்டியபடி தீர்ப்பு சொன்னார். "அவன் பாக்கச் சொன்னானா இல்லையா, அதச் சொல்லு."

"சொன்னான்."

"அப்புறம் என்ன? பான்கேக் கருகுது பார் லெஸ்கோ."

விஷயம் முடிந்தது. பேச்சு மறுபடி ஆரம்பித்தது. க்ளென் செதிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். சிரப்புப் புட்டியைக் கேட்டு யாரோ குரல் கொடுத்தது வாசல்வரை கேட்டது.

அந்த வாரமே பாதிரியார் வருத்தத்தோடு போன் செய்தார், வாசலை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று. சவ அடக்க நிலையத்துக்காரரும் மருந்துக்கடைக்காரரும் போன் கூடச் செய்யவில்லை. காயலான் கடைக்காரன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து எண்ணூறு டாலர் என்றான்.

"குடுத்துடு" என்றாள் ரோண்டா. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கியது, நன்றாகக் குழைய. இரண்டு மாதமாக அந்த வீட்டில் குழையாத எதுவும் சமைக்கவில்லை.

"எண்ணூறா? உன் ஆறாயிரத்து ஐநூறு?"

"போனது போச்சு. பல்லில்லாம யாரும் செத்ததில்ல."

"ஏப்ரல்ல வெப்பேன்னு சொன்னேன்."

"நீ சொன்னத நான் எங்கயாவது எழுதியா வெச்சிருக்கேன்?" என்றாள். நல்ல மனசோடு சொன்னாள். அவன் தலையில் அது சுத்தியல் போல இறங்கியது. அவள் திட்டியிருந்தால் அவன் எண்ணூறுக்குக் கொடுத்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் க்ளென் இருபது மைல் தள்ளியிருக்கிற கடைக்குப் போய்க் கண்ணாடி இழைத் துணியும், பசையும், கறுப்புத் தார்ப் பூச்சு நான்கு டப்பாவும் வாங்கிவந்தான். கமான் பட்டைக் கொக்கியைக் கம்பியும் பட்டை இரும்பும் வைத்து எப்படியோ நிற்கவைத்தான். இரண்டு நாள் வேலை. மல்லாந்து படுத்துக் கையை உயர்த்தி ஒட்டிக்கொண்டிருக்கும்போது, இதே மாதிரிதானே லெஸ்கோவும் படுத்திருப்பான் என்று தோன்றியது. தோன்றியதும் கையை நிறுத்தவில்லை. படுத்துப் பார்த்துக்கோ என்று நான் சொல்லத்தானே போகிறேன், பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். தாரைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேசினால் அதுவும் கறுப்பாகத்தான் வரும்.

இரவுச் சாப்பாட்டில் ரோண்டா மூக்கை உறிஞ்சினாள். "கையில என்ன வாசன?"

"கராஜைச் சுத்தம் பண்ணேன்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

ஐயாயிரத்து எண்ணூறு என்று எழுதி வண்டியை வாசலில் நிறுத்தினான். முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகைமேல் ஏற்றினான். பக்கத்தில் சக்கரப் பலகையும் டார்ச்சும் வைத்தான். வெளியூர்க்காரன் எவனாவது வருவான் என்று காத்திருந்தான். சனிக்கிழமை முற்பகல் வந்தது ஜோலின் மேடிஸ்.

ஜோலின் ஆலையில் அவனோடு வேலைபார்த்த டெர்ரியின் மனைவி. டெர்ரி போய் இரண்டு வருஷமாகிறது. படுக்கையில் கிடக்கிற கிழடுகளை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி மருந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. மலைமேல் இருக்கிற வீடுகளுக்குப் பனியில் அவளுடைய சின்னக் கார் ஏறுவதில்லை.

"போன வாரம் ரெண்டு பேருக்கு மருந்து லேட்டாயிடுச்சு க்ளென். கார் பாதி மேட்டுல சறுக்கி நிக்குது. அதான் பிக்கப் பாக்கலாம்னு. உங்க வீட்டு வாசல்ல போர்டைப் பாத்ததும் நிம்மதியாப் போச்சு."

"ஏன்?"

"டெர்ரி சொல்வாரு. ஆலையில ஒரே ஒருத்தன்தான் கடன் வாங்கின ஸ்பேனரத் தொடச்சுத் திருப்பித் தருவான், அது க்ளென்னு."

க்ளென் வண்டியின் பானெட்டைத் தட்டினான். எதையாவது தட்ட வேண்டியிருந்தது. பிரேக் குழாய் எல்லாம் புதுசு, பால் ஜாயிண்ட் நான்கும் புதுசு, புகைக் குழாய் போல்ட் புதுசு என்றான். எல்லாம் உண்மை. இன்ஜின் முத்து மாதிரி என்றான், அதுவும் உண்மை. அவள் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாள். அழகாக ஓடியது. காசோலைப் புத்தகம் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலில் ரோண்டா நின்றாள்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. க்ளென் தொப்பியைக் கழற்றினான்.

"படுத்துப் பார்த்துக்கோ ஜோலின். டார்ச் இருக்கு."

"சரி" என்றாள் அவள்.

கோட்டைக் கழற்றிக் கதவின்மேல் போட்டாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு, உருகின பனிச் சகதியில் கிடந்த சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, காலால் உந்தி உள்ளே போய்விட்டாள். க்ளென் வாயைத் திறந்தபடி நின்றான். அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. ஆண்கள் ஆண்களுக்குச் சொல்லிக்கொள்கிற வார்த்தை அது. டெர்ரி இருந்தவரை வண்டி வாங்கியதெல்லாம் டெர்ரி. அவளுக்குப் பார் என்றால் பார் என்றுதான் அர்த்தம்.

அவனுக்கு முதலில் வந்தது கோபம். மரியாதைக்குச் சொன்னால் நிஜமாகவே போய்ப் படுப்பதா? இவனை யாரென்று நினைத்தாள்? ஸ்பேனரைத் துடைத்துத் தருகிறவன் என்று இப்போதுதானே சொன்னாள்? இந்த அநியாயத்தை என்னவென்று சொல்ல! ஏமாந்தவனுக்கு, ஏமாறாதவள்மேல் கோபம் வருகிறது.

வண்டிக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "எங்க வேலையில இது பழக்கம் க்ளென். படுத்திருக்கறவங்க நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. மேல போர்வை சுத்தமாத்தான் இருக்கும். புரட்டிப் பாத்தாதான் முதுகுல புண்ணு தெரியும்." பிறகு, கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி, சன்னமாக ஒரு நொறுங்கல்.

அவள் வெளியே வந்தாள். முதுகெல்லாம் சகதி. கட்டைவிரல் நுனியில் தார். உள்ளங்கையில் ஒரு துருச் செதில், அதில் கறுப்புத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பசை இன்னும் காயல" என்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பவும் செய்திருப்பாள். லெஸ்கோதான் விற்றான் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாத்தா தெரியும்னுதான் பாக்கச் சொன்னேன்."

சொன்னபிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவன் காதில் விழுந்தது. அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றவனின் குரல் கூட அப்படியே இருந்தது.

ஜோலின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நோயாளியைப் பார்க்கிற பார்வை. கோபம் இல்லை.

"நான் பாக்கலன்னா?" என்று கேட்டாள்.

தீயணைப்புக் கூடத்தில் அவன் லெஸ்கோவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு அதன் பதில் அவன் கண்முன்னே வந்தது. மலைமேல் போகிற குறுகலான சாலை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஓடை, இருக்கையில் மருந்துப் பெட்டி, பின்னால் முறிகிற கட்டையின் சத்தம். அதை அவன் ஒரு தடவை கேட்டவன். துணியை ஒட்டின இரண்டு நாளும் அந்தச் சத்தம் அவன் காதில் இருந்தது. யாருக்கு என்று மட்டும் நினைக்காமல் ஒட்டினான்.

அவள் செதிலை பானெட்டின்மேல் வைத்தாள். கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். "ரோண்டாவ விசாரிச்சதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் சின்னக் காரில் ஏறிப் போனாள். மேட்டில் அந்தக் கார் இரண்டு தடவை சறுக்கி, மூன்றாவது தடவை ஏறியது. அது ஏறி மறையும்வரை க்ளென் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

உள்ளே போனான். ரோண்டா மேசையில் உட்கார்ந்து ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கலையா?"

"பாத்துட்டா."

ரோண்டா தோய்த்த ரொட்டியை வலது பக்கம் வைத்து, மெதுவாக, வலிக்காமல் மென்று விழுங்கினாள். இந்தத் தடவை வாயைக் கையால் மூடிக்கொள்ளவில்லை.

"நல்ல வேள" என்றாள். "காயலான் கடைக்காரனுக்குப் போன் பண்ணு. மொதல்ல கையக் கழுவு."

க்ளென் குழாயடியில் நின்று கழுவினான். சோப்பு போட்டான், மண்ணெண்ணெய் போட்டான், பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் தேய்த்தான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. எண்ணூறு சொன்ன கடைக்காரன் போனில் எழுநூறு என்றான். சரி என்றான் க்ளென்.